காது டாக்டர் சொல்லாதது

தம்பி, இந்தக் கடிதத்தைக் கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறேன். படித்ததும் உனக்குத் திக்கென்று இருக்கும்; இருக்கட்டும். திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் வேலைக்கு வருகிறேன். அருப்புக்கோட்டையில் அதே பத்திர எழுத்தர் கடை, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிர்த்தாற்போல. என் பழைய இடத்தில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் வாசல் ஓரத்தில் கிடந்த பழைய சிஸ்டத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். தூக்குவாளியைக் கழுவி வைத்துவிட்டு அடித்துக்கொண்டிருக்கிறேன். இடது காதில் அந்த இரைச்சல் இருந்துகொண்டுதான் இருக்கிறது. காலையில் சிஸ்டத்தைப் போடும்போது எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் இப்போதும். நான்கு நாளாகக் கவனித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நேற்று போனில், "பொங்கலுக்கு வாரேன்மா, நேர்ல பேசிக்கிருவோம்" என்றாய். நேரில் உன்னிடம் பேச எனக்கு வராது. நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குப் பாதிக் கோபம் போய்விடும். மீதியை நீ சிரித்தே கரைத்துவிடுவாய். ஒன்பதாவதில் ரிப்போர்ட் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனபோதும் அப்படித்தான் நடந்தது. அடிக்கக் கையை ஓங்கினேன், "ஒன் கையெழுத்தவிட என்னோடது நல்லா இருக்குல்லம்மா?" என்றாய், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். இந்தத் தடவை என் கோபம் கரைய வேண்டாம். நீ என்னை ஏமாற்றிவிட்டாய். கண் தெரியாதவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி வேறு ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்ட மாதிரி செய்துவிட்டாய். அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மீதியை என்னால் நிதானமாகச் சொல்ல முடியும்.

அந்த இரைச்சல் எப்போது வந்தது என்று உனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. நாம் குடியிருந்த தெருவில் காலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பிக்கிற விசைத்தறிகள் பொழுது சாயும்வரை ஓடும். அந்தச் சத்தத்தில் நீ படித்தாய், நான் சமைத்தேன், யாருக்கும் அது தொந்தரவாகத் தெரிந்ததில்லை. ஒரு நாள் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். தெருவே அடங்கிக் கிடந்தது. எனக்கு மட்டும் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அது கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய் அடுப்பைக்கூடப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம், "ஒங்களுக்குக் கேக்குதாக்கா?" என்றேன். "எதும்மா? தறிதான் ஓடலயே" என்றாள். அன்றைக்குத்தான் அது என் காதுக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தது. உன்னிடம் சொன்னால் பதறுவாய் என்று ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பதிலாக நான் கண்டுபிடித்த வைத்தியம், நீ முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்த ஹெட்போன். கடைக்கே கொண்டு வந்து, பழைய பத்திரத்தைப் பார்த்து அடிக்கிற வேலை வரும்போதெல்லாம் தலையில் மாட்டிக்கொள்வேன். பாட்டைக் கூட்டி வைத்தால் இரைச்சல் அமுங்கிவிடும். கழற்றினால் முன்னைவிடக் கூடுதலாக வந்து நிற்கும். மறுபடியும் மாட்டுவேன், இன்னும் ஒரு படி கூட்டுவேன். எங்கள் எழுத்தர் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கி என் மேசையில் எறிவார். என் மகன் வாங்கிக் கொடுத்தது என்று எல்லாரிடமும் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

போன மாசியில் நீ ஊருக்கு வந்தபோது, இடது பக்கம் நின்று நீ கேட்டதற்கு நான் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னேன். உடனே மதுரைக்குக் கூட்டிப் போனாய். அந்த அக்கறையை நான் இன்றைக்கும் பொய் என்று சொல்லமாட்டேன். ஒரு கண்ணாடி ரூமுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். சில நேரம் கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று தெரியாமலேயே அமுக்கினேன். வெளியே வந்ததும் நர்ஸ், "கூட வந்தவங்க யாரு, உள்ள வாங்க" என்றாள். நீ எழுந்தாய். நான் உன் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதானே இது? படித்த பிள்ளை உள்ளே போகும், பெற்றவர்கள் வெளியே உட்காருவார்கள். டாக்டர் முன்னால் நாம் ஏதாவது ஒன்றைத் தப்பாகச் சொல்லிப் பிள்ளைக்குத் தலைக்குனிவு வந்துவிடக் கூடாது என்ற பயம் ஒரு பக்கம். நம் பிள்ளை டாக்டரோடு சரிக்குச் சரியாக இங்கிலீஷில் பேசுகிறான் என்று கதவுச் சந்தில் பார்க்கிற ஆசை ஒரு பக்கம். என் காது, என் வலி, ஆனால் உள்ளே போகவேண்டியது நான் என்று எனக்கே தோன்றவில்லை. தப்பு அங்கே என்னிடமிருந்துதான் ஆரம்பித்தது.

வெளியே வந்து டீக்கடையில் நின்றுகொண்டு நீ சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. "கம்ப்யூட்டர்தாம்மா காரணமாம். அதுல இருந்து வர்ற அலை காது நரம்பப் பாதிக்குதாம். இனிமே தொடவே கூடாதுன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாக."

"நீயுந்தான தம்பி பத்து மணி நேரம் அது முன்னாடி உக்காந்திருக்க?"

"என்னோடது லேப்டாப்பும்மா. அதுல அதெல்லாம் வராது."

"அப்ப எங்க கடைக்கும் ஒரு லேப்டாப்பு வாங்கச் சொல்லட்டா?"

"வெளையாடாதம்மா. காது முக்கியமா, வேல முக்கியமா?"

கம்ப்யூட்டரைப் பற்றிக் கம்ப்யூட்டர் படித்த மகன் சொல்கிறான், அதுவும் டாக்டர் வாயால் வந்தது என்று சொல்கிறான். நான் எதை வைத்துச் சந்தேகப்படுவேன்? டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் தலையை ஆட்டினேன். அந்த வாரமே எழுத்தரிடம் சொல்லிவிட்டு நின்றுகொண்டேன். அவர், "டாக்டரே சொன்ன பெறகு நான் என்னம்மா சொல்ல?" என்றார்.

எதை விடச் சொன்னாய் என்று உனக்குத் தெரியுமா, தம்பி? என்னைப் பெற்றவர்கள் திருச்சுழிப் பக்கம் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். பத்து வயதில் எனக்கும் மடியைக் கட்டிவிட்டார்கள். பத்தாவது முடித்ததும் டைப் பழகப் போகிறேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துதான் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். லோயர், ஹையர் பரீட்சை இரண்டும் பாஸ், தமிழிலும் இங்கிலீஷிலும். கடையில் டைப்ரைட்டரைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தபோது என்னோடு இருந்த இரண்டு பேர் பயந்து நின்றுகொண்டார்கள். தமிழ் எழுத்துகளை டைப்ரைட்டரில் இருந்த வரிசையிலேயே அதிலும் வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் நான் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டேன். உன் அப்பா போனபோது நீ ஏழாவது. காரியம் முடிந்த மறுநாளே நான் வந்து உட்கார்ந்தது இந்தக் கடையில்தான். ஊர் என்னென்னவோ பேசியது. விரல் ஓடுகிற நேரத்தில் மட்டும்தான் எனக்கு அழுகை வராமல் இருந்தது. இதெல்லாம் உனக்கு நான் சொன்னதே இல்லை, சொல்லியிருக்க வேண்டும். நான் ஏதோ வேறு வழியில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் நீ நினைத்து வளர்ந்திருக்கிறாய்.

வேலையை விட்டதும் தறிச் சத்தமும் ஆகாது என்று சொல்லி அருப்புக்கோட்டை வீட்டைக் காலிசெய்து, திருச்சுழிப் பக்கம் நம் ஊர் வீட்டில் என்னைக் கொண்டுபோய் வைத்தாய். "அமைதியா இருந்தாத் தானாச் சரியாயிரும்" என்றாய். அந்த அமைதியைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? காலை எட்டு மணிக்குள் ஊரில் பாதிப் பேர் மில் வேனில் போய்விடுவார்கள், மீதிப் பேர் நூறுநாள் வேலைக்கு. அதற்குப் பிறகு தெருவில் ஒரு நாயும் இருக்காது. சுற்றிலும் சீமைக்கருவேலம். ஒரு இலை அசையாத பகலில் நானும் என் காதும் மட்டும் உட்கார்ந்திருப்போம். தறிக்கு நடுவில் இருந்தவரை ஓரமாக ஒதுங்கிக் கிடந்த இரைச்சல், அங்கே வந்ததும் வீட்டுக்காரன் மாதிரி நடு வீட்டில் உட்கார்ந்துகொண்டது. சில நாள் தாங்க முடியாமல் பஸ் ஸ்டாப்புக்குப் போய், எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல், அந்த இன்ஜின் சத்தத்துக்காகவே நின்றுவிட்டு வருவேன். போனில் உன்னிடம் சொன்னேன், கூடுகிறதே என்று. "பழசெல்லாம் வெளியேறுறப்ப அப்படித்தாம்மா இருக்கும். ஹெட்போன் இருக்குல்ல, பாட்டுக் கேளு, பொழுது போகும்" என்றாய். கேட்டேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை, முழுச் சத்தத்தில் கேட்டேன். உனக்கும் பிருந்தாவுக்கும் கல்யாணம் வைகாசியில் நடந்தது. மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் மூன்று மாதத்தில் முதல் தடவையாக நிம்மதியாக இருந்தது. நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள், இடது காதில் போனை வைத்தால் உன் குரலே விளங்கவில்லை என்று ஆனபோது, உன்னிடம் சொல்லாமல் நானே மதுரைக்குப் பஸ் ஏறினேன். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. மறுபடியும் கண்ணாடி ரூம், மறுபடியும் பட்டன். நர்ஸ் வந்து, "கூட வந்தவங்க?" என்றாள். "யாரும் வரல, நாந்தான்" என்றேன். அவள் ஒரு நொடி பார்த்துவிட்டு என்னையே உள்ளே விட்டாள். டாக்டரம்மா காது சோதித்த பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினாள். இடது காதுக்கான கோடு முன்னைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. அதைப் பார்க்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. "ஹெட்போன இன்னும் போடுறீங்களாம்மா?" என்றாள். போடுகிறேன் என்றேன். "அத மொதல்ல எடுத்திருங்கன்னு அன்னைக்கே சொன்னேனே?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் கம்ப்யூட்டரத் தொட்டே ஒம்பது மாசம் ஆச்சு டாக்டர், பெறகு எப்படிக் கூடுச்சு?" என்று கேட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "கம்ப்யூட்டரத் தொடக்கூடாதுன்னு யாரும்மா சொன்னது?"

நீங்கள்தான் என்று சொல்ல வாய் வந்தது. அதை விட்டுவிட்டு, அன்றைக்கு எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரி பைலைத் திருப்பி, முதல் தடவை அவள் எழுதி வைத்திருந்ததை நான் கேட்டபடி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கம்ப்யூட்டரிலிருந்து எதுவும் வந்து காது நரம்பைக் கெடுப்பதில்லை. காதில் மெல்லிய சத்தங்கள் கேட்பது குறையும்போது இரைச்சல் வருவது பலருக்கும் உள்ளதுதான். அதைக் கூட்டுவது சத்தமாக வைக்கிற ஹெட்போன். மணிக்கணக்காக எழுந்திருக்காமல் கழுத்தை வளைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவதாலும் கூடலாம். தூக்கமில்லாமல் இருந்தாலும், மனசு பதற்றத்தில் இருந்தாலும் கூடலாம். திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைக்க வேண்டும், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும், ரொம்ப நிசப்தமான இடத்தில் தனியாக இருக்கக் கூடாது, பேன் சத்தமோ ரேடியோவோ மெல்ல ஓடிக்கொண்டிருக்கலாம். வேலைக்குப் போகலாம், மனசு ஒன்றில் ஈடுபட்டிருப்பது நல்லது. "இத்தனையையும் ஒங்க பையன்கிட்ட விளக்கமாச் சொன்னேனேம்மா, அவரும் கவனமாக் கேட்டுக்கிட்டாரே" என்றாள். போன கேட்கும் சக்தி திரும்புமா என்று கேட்டேன். "திரும்பும்னு நான் பொய் சொல்லமாட்டேன். இனிமேப் போகாமப் பாத்துக்கலாம், அதோட இருந்து பழகலாம்" என்றாள். பொய் சொல்லமாட்டேன் என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அந்த இடத்தில் கண் நிறைந்துவிட்டது.

டாக்டர் விடு என்று சொன்னதையெல்லாம் என் தலையில் மாட்டிவிட்டு, இரு என்று சொன்ன இடத்திலிருந்து என்னைத் தூக்கியிருக்கிறாய். பஸ்ஸில் அருப்புக்கோட்டை வரும்வரை, ஒருவேளை உனக்குத்தான் இங்கிலீஷில் சொன்னது சரியாகப் புரியவில்லையோ என்று நானே உனக்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஸ்டாண்டில் நின்றுகொண்டே உனக்குப் போன் போட்டேன். "அவுகளுக்கு ஞாபகம் இருக்காதும்மா, தெனம் நூறு பேரப் பாக்குறாக" என்றாய். பைலில் எழுதியிருக்கிறது என்றேன். பிறகு, "பிருந்தா வீட்டாளுக பத்திரம் பதியன்னு அடிக்கடி அங்க வருவாகம்மா. அவுக முன்னாடி நீ ஸ்டூல்ல உக்காந்து அடிச்சுக்கிட்டு இருந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஒனக்கும் ரெஸ்ட்டு வேணும்லன்னுதான்…" என்றாய். ரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் போனை அணைத்துவிட்டேன். "எனக்கு வெக்கமா இருக்கும்மா, வேலைய விட்ரு" என்று நீ நேராகக் கேட்டிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். கடைசியில் உனக்காக விட்டும் இருப்பேன், என் குணம் உனக்குத் தெரியும். அதைக் கேட்கிற தைரியம் இல்லாமல் என் காதை எடுத்து உன் காரியத்துக்கு வைத்துக்கொண்டாய்.

நான் ஒன்றும் உத்தமி இல்லை, தம்பி. இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பத்திரம் அடித்து முடித்ததும், கைநாட்டு வைப்பவருக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். எந்த நிலம், எவ்வளவு, நான்கு எல்லையும் எது என்று அவர் காதால் கேட்ட பிறகுதான் விரலில் மை. ஒரு தடவை நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அக்காளைத் தம்பிமார் இரண்டு பேர் கூட்டி வந்தார்கள். பாகத்தை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம். எழுத்தர் ஒரு சாவுக்குப் போயிருந்தார், படிக்க வேண்டியவள் நான். மூத்தவன், "வீட்லயே எல்லாஞ் சொல்லித்தான் கூட்டியாந்திருக்கோம், அதப் போயிப் படிச்சுக்கிட்டு. டோக்கன் கூப்புட்ருவாக" என்றான். அந்த அக்கா என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். நான் பிரிண்டரைப் பார்த்தேன். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் விரலை நீட்டினாள். ஆறு மாதம் கழித்து வந்து, "கெணத்தடிக் காடு இன்னும் எம் பேர்லதானம்மா இருக்கு?" என்று கேட்டாள். அதுவும் அந்தப் பத்திரத்தோடு போயிருந்தது; அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அதிலிருந்து எவன் அவசரப்படுத்தினாலும் படித்துக் காட்டாமல் நான் விட்டதில்லை. மதுரையில் டீக்கடையில் நின்று நீ சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினேனே, அப்போது நான் அந்த அக்கா உட்கார்ந்த இடத்தில் இருந்தேன். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது.

பிருந்தாவை நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் கூப்பிட்டாள். நீ வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவதைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டாள். நான் நடந்ததை மட்டும் சொன்னேன். அவள் வீட்டார் நிலபுலன் உள்ளவர்கள், சம்பந்தி ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்ப்பது அவர்களுக்குக் குறைச்சலாகத்தான் இருந்திருக்கும், உன்னை நெருக்கியிருப்பார்கள் என்று மனதுக்குள் உனக்காக இன்னொரு சாக்குத் தயாராக வைத்திருந்தேன். அவள், "அத்தை, நா ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிர மாட்டீகளே?" என்றாள். "பொண்ணு பாக்க வந்தப்ப, நீங்க உள்ள எங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கையில, இவுக எங்கப்பாகிட்ட, எங்கம்மா ரிஜிஸ்டர் ஆபீசுல கவர்மெண்டு வேல பாத்து ரிட்டயர்டு ஆயிட்டாகன்னு சொன்னாக. எங்கப்பாவுக்குச் சிரிப்பா வந்துச்சு. அவருக்குத்தான் ஒங்கள இருவது வருசமாத் தெரியுமே. எங்க வீட்டுப் பத்திரம் பாதி நீங்க அடிச்சதுதான். அந்தம்மா படிச்சுக் காட்டாம யாரையும் விடாதுன்னு சொல்லுவாரு. அதக் கேட்டுட்டுத்தான் எங்கம்மா, அப்படிப்பட்டவுக வீட்டுல குடுக்கலாம்னாக. மாப்பிள்ள வருத்தப்படுவார்னுதான் யாரும் எதும் காட்டிக்கிரல." கடைசியில் மெதுவாக, "ஒங்கள வேலைய விடச் சொல்லி எங்க வீட்ல யாரும் கேக்கல அத்தை" என்றாள்.

யாருமே கேட்கவில்லை. உனக்காக நான் தேடி வைத்திருந்த கடைசிச் சாக்கும் அதோடு போயிற்று. யாரும் மூக்கைச் சுளிக்காத இடத்தில் நீயாகவே என்னை மறைத்திருக்கிறாய். எந்தப் பத்திரங்களைப் பார்த்து அவர்கள் நம் வீட்டில் பெண் கொடுத்தார்களோ, அந்தப் பத்திரங்களை அடித்ததுதான் உனக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்கிறது. போன் வைத்த பிறகு, அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்க எனக்குத் தோன்றவில்லை. உன் அப்பா செத்தபோது வந்த அழுகை வேறு மாதிரி. அதில் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இனி எவ்வளவு பாத்தியம் இருக்கிறதோ தெரியவில்லை, இருந்தாலும் பெற்றவள் சொல்கிறேன். இன்னொருவருக்காக நீ உள்ளே போய்க் கேட்டாயானால், கேட்டதை அப்படியே கொண்டு வந்து கொடு. பிடித்ததை எடுத்துக்கொண்டு பிடிக்காததை வழியில் போட்டுவிட்டு வராதே. நாளைக்குப் பிருந்தாவுக்கு ஏதாவது என்றாலும் அவளையும் கூட உள்ளே கூட்டிக்கொண்டு போ. அவள் உடம்பைப் பற்றிய பேச்சை அவள் கேட்கட்டும். அவளிடம் பொய் சொல்லாதே. பாவம் என்பதால் மட்டும் சொல்லவில்லை. அவள் தெரிந்துகொண்டும் கேட்காமல் இருக்கிற பெண். அப்படிப்பட்டவர்களை ஏமாற்றுவது சுலபம், அவர்கள் மனம் விட்டுப் போனால் திரும்பக் கொண்டு வருவது ரொம்பக் கஷ்டம். எனக்கு நீ செய்ததை வைத்துச் சொல்கிறேன். ஒன்பது மாதம் நீ போனில் சொன்ன ஒவ்வொன்றையும் இப்போது திருப்பித் திருப்பி எடுத்துப் பார்க்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டதுகூட உண்மையா என்று சந்தேகம் வருகிறது. அதுதான் எனக்குக் காதைவிடப் பெரிய வலியாக இருக்கிறது.

இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்பாய், அதையும் சொல்கிறேன். திரைக்கு அடியில் பழைய சட்டப் புத்தகங்கள் நான்கை அடுக்கி உயர்த்தி வைத்திருக்கிறேன், கழுத்து நேராக இருக்கிறது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வாசல்வரை நடக்கிறேன்; எழுத்தர், "என்னம்மா, ரோந்தா?" என்கிறார். பேன் ஓடுகிறது, ரோட்டில் பஸ் போகிறது, பத்திரத்துக்கு வந்தவர்கள் சண்டை போடுகிறார்கள். இதற்கு நடுவில் இரைச்சல் இருக்கிறது, ஆனால் வேலை மும்முரத்தில் அதை மறந்தே போகிறேன். வேலை ஓய்ந்ததும் வந்துவிடுகிறது. ஹெட்போனைப் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், அவளுக்கும் கொடுக்க மனமில்லை, பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். தறிக்காரத் தெருவிலேயே ஒரு வீடு சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன்; தை பிறந்ததும் அங்கே போய்விடுவேன், அதற்கு உன் சம்மதத்தை நான் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வா, தம்பி. வராதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வீட்டுக்குப் போகாதே, வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கும். போகிக்கு முந்தின நாள்வரை கடை உண்டு, அந்த நேரத்துக்கு வா. நல்ல கூட்டம் இருக்கும். கைநாட்டு வைக்க வந்தவர்கள் உட்காருகிற பெஞ்ச் ஒன்று என் மேசைக்கு எதிரில் கிடக்கிறது, அதில் அவர்களோடு உட்கார். என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், உள்ளே வந்து என் காதோரம் மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். நம் ஊர் ஆட்கள் யாரையும் விசாரிக்காமல் விடமாட்டார்கள்; "தம்பி யாரு, யாரப் பாக்க வந்திருக்கீக?" என்று எப்படியும் ஒருவர் கேட்பார். அப்போது என்னைக் கை காட்டி, அந்தா ஸ்டூலில் உட்கார்ந்து பத்திரம் அடிக்கிறார்களே, அவுகதான் எங்கம்மா என்று சொல். கொஞ்சம் சத்தமாகவே சொல். என் இடது காது இப்போது முன்னைப் போல இல்லை.